வின்ஸ்டனின் மொனிட்டர்

முதல் நாள்

சவுண்ட் வேலை தொடங்கிய முதல் நாளே, கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது நான் மேடைக்கு ஓடினேன்.

அது ரொறன்ரோ டவுன்டவுனில், ஒரு சப்பாத்துக் கடைக்குக் கீழே, படி இறங்கிப் போகும் சின்ன ஜாஸ் கிளப். சனிக்கிழமைகளில் பின்னேரக் கச்சேரி இருக்கும். பியானோ, டபிள் பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர். டபிள் பேஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின். நின்றபடி விரலால் சுண்டி வாசிப்பார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் திடீரென்று பியானோ நின்றது. டிரம்ஸும் நின்றது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதா, நான் எதையாவது அமத்திவிட்டேனா என்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேசையைப் பார்த்தேன். எல்லா லைட்டும் எரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சனத்துக்கு நடுவால் ஓடிப்போய், பியானோவுக்குள் வைத்திருந்த மைக்கைப் பிடித்து ஆட்டினேன்.

பேஸ்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் அவருக்கு வழிவிட்டுச் சும்மா இருந்தார்கள். அவ்வளவுதான். ஜாஸில் அது வழமை. தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்தவளுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்தான். ஆனால் பயம் வந்தால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடும்.

பியானோவில் இருந்தவர் வின்ஸ்டன். பார்படோஸ் தீவில் பிறந்து, இளவயதில் ரொறன்ரோவுக்கு வந்தவர். அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பேஸ் ஓயும் வரைக்கும் பொறுத்திருந்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்துச் சொன்னார்:

"இவ கலா. இண்டைக்குத்தான் எங்கட சவுண்டுக்கு வந்திருக்கிறா. பியானோ சுகமா இருக்கோ எண்டு பாக்க வந்தவ. ஒருக்கா கை தட்டுங்கோ."

சனம் சிரித்துக் கைதட்டியது. நான் நெருப்பாய்க் கொதித்த முகத்தோடு திரும்பி வந்து மிக்சருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் என்னை அப்படிக் காப்பாற்றியிராவிட்டால், நான் அந்தப் படியில் ஏறிப் போனவள் திரும்பி இறங்கியிருக்கவே மாட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கதைத்தது இங்கிலீஷ். ஆனால் இத்தனை வருடமாக அந்தக் குரல்கள் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அந்த வேலை எனக்குக் கிடைத்ததும் ஒரு விபத்துத்தான். கிளப்பின் சமையல்காரர் பரம் அண்ணை, மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு மேல் மாடியில் இருந்தவர். நான் கொலிஜில் எலெக்ரோனிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அவரோடு போய்க் கோப்பை கழுவுவேன். ஒருநாள் குசினிக்குள் குப்பையில் போட்டிருந்த மைக் கேபிள் ஒன்றை எடுத்து ஈயம் வைத்து ஒட்டினேன். அதைக் கண்ட முதலாளி மனுவெல், "கழுவுறதை விட்டுட்டு சவுண்ட் மேசைக்கு வா" என்றார். பழைய சவுண்ட்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வன்கூவருக்குப் போயிருந்தான். மனுவெல் போர்த்துக்கீசர். நல்ல மனுசன், ஆனால் மேலே இருக்கும் சப்பாத்துக் கடைக்காரன் சத்தத்துக்கு முறைப்பாடு செய்துவிடுவானோ என்று எந்நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொஞ்சம் கூட்டு

மேடையில் இருப்பவருக்குச் சனம் கேட்கும் சத்தம் கேட்காது. பெரிய ஸ்பீக்கர்கள் சனத்தைப் பார்த்துத்தான் இருக்கும். அதனால் வாசிப்பவரைப் பார்த்து நிலத்தில் ஒரு சரிந்த பெட்டி வைப்போம். அதுதான் மொனிட்டர். வின்ஸ்டனுடைய மொனிட்டர் அவருடைய வலக்கைப் பக்கம் இருந்தது. அதற்குள் பியானோவும் பேஸும் போகும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் என் மிக்சரில் ஒரு ஃபேடர், அதாவது மேலும் கீழும் இழுக்கிற கட்டை.

எல்லா வாத்தியக்காரரும் "கூட்டு" என்றுதான் கேட்பார்கள். குறைக்கச் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு. ஆகவே வின்ஸ்டன் சுட்டுவிரலை மேலே காட்டி, "கொஞ்சம் கூட்டு, பிள்ளை" என்றபோது முதலில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. கூட்டினேன். சரி என்று பெருவிரலைக் காட்டினார். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டார்.

குளிர்காலம் வந்தபோது அந்தப் பெட்டி கத்தத் தொடங்கியிருந்தது. பரம் அண்ணை குசினியிலிருந்து தலையை நீட்டி, "தங்கச்சி, உங்க என்ன செய்யிறாய்? இஞ்ச சட்டியெல்லாம் தானா ஆடுது" என்றார். முன்வரிசை மேசையில் இருந்த ஒரு மனிசி தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டாள். பிறகு ஒருநாள் கூவியது; அடுத்த கிழமையும் கூவியது. பெட்டியிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், சுற்றிச் சுற்றிப் பெருத்துக் கீச்சிடுவதை நாங்கள் ஃபீட்பாக் என்போம். சவுண்ட்காரருக்கு அது சபை நடுவில் சாரி அவிழ்வது மாதிரி.

கச்சேரி முடிந்ததும் மனுவெல் வந்தார்.

"கலா, இது இரண்டாந் தரம். மூண்டாந் தரம் கூவினா நான் வேற ஆளைத் தேடவேண்டி வரும். கோவிக்காதை."

"பெட்டி பழசு," என்றேன் நான்.

மனுவெல் புதுப் பெட்டி எடுத்துத் தந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வின்ஸ்டன் சுட்டுவிரலை மேலே காட்டினார்.

அன்றைக்கு, கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் முடிந்தபின், அவர் கோட்டை மாட்டப் போயிருந்த நேரம், அவர் இருந்து வாசிக்கும் பியானோ வாங்கில் நான் போய் இருந்து பார்த்தேன். என் மிக்சரை முதலே அவர் கேட்ட அளவில் வைத்திருந்தேன். பியானோவின் ஒரு கட்டையை அழுத்தினேன். பல் கூசியது. நெஞ்சு அதிர்ந்தது. உடனே எழும்பிவிட்டேன். இதற்குள் இந்த மனுசன் எப்படி முழுப் பின்னேரமும் இருக்கிறார்?

அதற்குப் பிறகுதான் மற்றவை கண்ணில் படத் தொடங்கின. பேஸ்காரர் கோர்டன் வலப்பக்கம் நின்று ஏதாவது சொன்னால் வின்ஸ்டன் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். கண்ணில் படாமல் வலப்பக்கமாக யாராவது கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் சிரித்தபிறகு சிரிப்பார்.

கொலிஜில் எங்கள் ஆசிரியர் படித்துப் படித்துச் சொன்ன விஷயம் ஒன்று இருந்தது. காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்கள் பெரிய சத்தத்தில் செத்துப்போகும், செத்தால் திரும்ப முளைக்காது. வின்ஸ்டனுக்கு ஏற்கனவே கொஞ்சம் போய்விட்டது. அதனால் கூட்டச் சொல்கிறார். கூட்டுவதால் மிச்சமும் போகிறது. மிச்சத்தைப் போக்குவது யார்? நான். என்னுடைய இந்தக் கை.

சப்வேயில் வீட்டுக்குப் போகும்போது கையைக் கோட்டுப் பொக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு பியானோகாரருக்குக் காது போனால் என்ன மிச்சம்? அந்தக் கேள்விதான் அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குள் ஓடியது. நித்திரை குழம்பியது. சாப்பிட உட்கார்ந்தாலும் அவருடைய சுட்டுவிரல் கண்ணுக்கு முன்னால் எழும்பும்.

தேத்தண்ணி

பரம் அண்ணையிடம்தான் சொன்னேன். கென்னடி ஸ்ரேஷனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணை, வின்ஸ்டனுக்குக் காது கேக்கேல்லை."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியும்."

"அப்ப போய்க் கேள். 'ஐயா, உங்களுக்குக் காது செவிடோ' எண்டு கேள்."

"எப்படி அண்ணை கேக்கிறது? என்ர அப்பாவின்ர வயசு."

"மனுவெலிட்டச் சொல்லு."

"சொன்னா அவர் வேற பியானோகாரரைக் கூப்பிட்டிடுவார்."

பரம் அண்ணை பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "இஞ்ச பார் தங்கச்சி. எங்கட மாமாவுக்கு நீரிழிவு. டொக்டர் எங்களுக்குத்தான் சொன்னவர், மாமாவுக்குச் சொல்லேல்லை. சொன்னா மனுசன் உடைஞ்சுபோகும். இப்ப தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லை. பார்மசியில விக்கிற மற்றச் சீனியைப் போடுறம். அவர் குடிச்சுப்போட்டு 'இண்டைக்கு நல்ல தேத்தண்ணி' எண்டு சொல்லுவார். உவருக்கும் அப்பிடி ஒண்டைச் செய்யன்" என்றார்.

எங்கள் வீடுகளில் அப்படித்தான். பெரியவர்களின் வருத்தம் வீடு முழுவதற்கும் தெரியும், வருத்தக்காரரைத் தவிர. அதை நாங்கள் அன்பு என்று சொல்வோம். அன்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பஸ் வருவதற்குள் எனக்கு வழி பிடிபட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மொனிட்டரைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். வின்ஸ்டன் விரலைக் காட்டினார். அவர் பார்க்கத்தக்கதாக, பக்கத்தில் இருந்த வேறொரு ஃபேடரை மெதுவாக மேலே தள்ளினேன். அதில் ஒன்றும் இணைத்திருக்கவில்லை; அது எங்கேயும் போகாத ஃபேடர். அவர் தலையைச் சரித்துக் கேட்டார். பெருவிரலைக் காட்டினார்.

எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இப்படி ஒரு வித்தியாசம்கூடத் தெரியாமல் போகிற அளவுக்கா வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். ஒவ்வொரு வாரமும் பெருவிரல் வந்தது. கூவல் நின்றது. முன்மேசை மனிசி திரும்ப முன்னுக்கு வந்து இருந்தாள். மனுவெல் என் தோளில் தட்டி, "இப்பதான் நீ சவுண்ட்காரி" என்றார். எல்லாருக்கும் சந்தோசம். நான் மட்டும் அவருடைய பெருவிரலுக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, ஆட்கள் வருமுன், பெட்டிக்குப் பின்னால் குனிந்து பிளக்கையே கழற்றிவிட்டேன். இனி யாராவது தெரியாமல் கூட்டிவிட்டாலும் அவருடைய காதுக்கு ஒன்றும் வராது.

அன்றைக்கும் அவர் கேட்டார். நான் தள்ளினேன். "ஆ, இப்பதான் வடிவாக் கேக்குது" என்றார்.

குசினிக்குள் போய்த் தண்ணி குடித்தேன்.

றெக்கோர்டிங்

வசந்தம் பிறந்ததும் மனுவெல் ஒரு செய்தி சொன்னார். வின்ஸ்டனின் சனிக்கிழமைக் கச்சேரி ஒன்றை, சனம் இருக்கும்போதே பதிவு செய்து வெளியிடப் போகிறார்கள். வின்ஸ்டன் கடைசியாக ஒரு இசைத்தட்டு வெளியிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் புதுச் சேர்ட் வாங்கினார், தலைமயிர் வெட்டினார். டவுன்டவுன் முழுக்க அறிவித்தல் ஒட்டினார்கள். நான் மட்டும் அந்த அறிவித்தலைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்து நடப்பேன். றெக்கோர்டிங்குக்கு வெளியிலிருந்து ஒரு இளந்தாரி தன் மிக்சரோடு வருவான். அவன் ஒவ்வொரு வயராகப் பார்ப்பான்.

றெக்கோர்டிங் அன்று காலையில் நான் முதலே போய்ப் பிளக்கைப் போட்டுவிட நினைத்தேன். சப்வே பாதியில் நின்றுவிட்டது. சனிக்கிழமைகளில் அது பாதியில் நிற்பது புதினமில்லை. மாற்று பஸ் பிடித்து, மழைத் தூறலுக்குள் ஓடி, படி இறங்கியபோது எல்லாரும் மேடையில் நின்றார்கள். றெக்கோர்டிங்காரன் வின்ஸ்டனுடைய பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

"உது பிளக்கே போடேல்லை," என்றான் அவன். ஏதோ பகிடி சொல்வதுபோல் எழும்பிக் கேபிளைத் தூக்கிக் காட்டினான். "இதில தூசு பிடிச்சிருக்கு. மாசக்கணக்கா ஒருத்தரும் போடேல்லைப் போல."

மனுவெல் என்னைப் பார்த்தார். கோர்டன் வின்ஸ்டனைப் பார்த்தார். போன சனிக்கிழமையும் வின்ஸ்டன் எல்லாருக்கும் முன்னால் "இப்பதான் வடிவாக் கேக்குது" என்று சொன்ன பெட்டி அது. ஒவ்வொருவர் முகத்திலும் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது.

நான் உடனே சொன்னேன்: "நான்தான் மறந்துபோனன். நேற்றுக் கூட்டித் துடைக்கேக்க கழட்டினனான்."

"நேற்று நீ இஞ்ச வரவேயில்லை," என்றார் மனுவெல்.

"அப்ப போன கிழமை."

"கலா, எத்தினை நாளா இப்பிடி? இண்டைக்கு றெக்கோர்டிங். ஒரு பிளக் போடத் தெரியாதவளை வைச்சிருக்கிறனோ நான்?"

போகட்டும், வேலை போனால் போகட்டும், இதோடு இந்தக் கதை என் தலையில் முடிந்தால் சரி என்று நின்றேன். குனிந்த தலை நிமிரவில்லை.

பியானோ வாங்கு கிறீச்சிட்டது. வின்ஸ்டன் முழு உடம்பையும் எங்கள் பக்கம் திருப்பினார்.

"அவளை விடும் மனுவெல். எனக்கு வலக்காது கேக்காது. ஒரு வருசத்துக்கு மேல."

மழைத் தண்ணி என் சப்பாத்திலிருந்து சொட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"பின்ன ஏன் 'கூட்டு, கூட்டு' எண்டு கேட்டனீர்?" என்றார் மனுவெல்.

"ஆரம்பத்தில மெய்யாத்தான் கேட்டன். பிறகு எவ்வளவு கூட்டினாலும் அந்தக் காதில ஒண்டும் இல்லை எண்டு விளங்கிப்போச்சு. ஆனா மேடையில இருக்கிற எல்லாரும் கூட்டு எண்டுதான் கேப்பினம். கேக்காமல் விட்டா நீர் சந்தேகப்படுவீர். வேற பியானோகாரனைக் கூப்பிடுவீர். அதுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தன்."

"அப்ப பெருவிரல்?" நான் கேட்டுவிட்டேன்.

"நீ ஃபேடரைத் தள்ளுறது எனக்குத் தெரியுதுதானே. சொன்னதைச் செய்யிற பிள்ளை எண்டு காட்டினன். சத்தம் பெட்டியால வருதோ பியானோவால வருதோ, ஒத்தைக் காதுக்கு எங்க பிரிச்சுத் தெரியும்?" கேபிளைக் காட்டினார். "நீ ஏன் கழட்டினனி?"

"அவ்வளவு சத்தம் மற்றக் காதையும் திண்டுபோடும். அதுக்குத்தான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்லுறது? பெரிய ஆள் நீங்கள்."

வின்ஸ்டன் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது கோர்டன் வெடித்தார்.

"அப்ப நீர் இவ்வளவு காலமும் என்ர கையைப் பாத்துத்தான் வாசிச்சனீரோ? கண்ணெடுக்காமல் என்ர கையையே பாத்துக்கொண்டிருந்தீர். நான் பிழை விடுறன், என்னைக் கலைக்கப் போறீர் எண்டு நினைச்சு நித்திரையில்லாமல் திரிஞ்சன், மனுசா!"

முதலில் சிரித்தது டிரம்ஸ்காரர். பிறகு வின்ஸ்டன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணி வந்தது, சிரிப்பு நின்றபிறகும் வந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மனுவெல் மட்டும் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். இவ்வளவு காலமும் நாங்கள் மூன்று பேரும் ஒளித்துவைத்த பயம் இப்போது அவர் கைக்குப் போயிருந்தது. அவர் "இல்லை" என்றால் அதோடு சரி.

"இடக்காது?" என்று கேட்டார்.

"அது கேக்குது."

"அப்ப கோர்டனை இடப்பக்கம் விடுறதுக்கு என்ன?"

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பியானோவுக்கு இடப்பக்கம் இருந்தது குசினிக் கதவு. பேஸும் ஆளும் அங்கே நின்றால் கதவைத் திறக்க ஏலாது. சாப்பாடு வெளியே வராது. கச்சேரி நேரத்தில்தான் மனுவெலுக்கு வியாபாரம். பரம் அண்ணை அந்தக் கதவில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பரம், ஒரு மணித்தியாலம் சாப்பாடு வராட்டிச் சனம் செத்துப்போகுமோ?"

"செத்தா என்ர சமையலால எண்டு ஒருத்தரும் சொல்லேலாது," என்றார் பரம் அண்ணை. உள்ளே போய்த் தானே கதவைச் சாத்தினார்.

பேஸை நாங்கள் தூக்கி இடம் மாற்றினோம். றெக்கோர்டிங்காரன் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இதைப் போடுறதோ விடுறதோ?" என்று கேட்டான். பிறகு அவனே சுருட்டி வைத்தான். நான் மிக்சருக்குப் போகத் திரும்பியபோது வின்ஸ்டன் கூப்பிட்டார். வாங்கில் ஒரு ஓரமாக நகர்ந்து, இடப்பக்கம் என்னை இருத்தினார். கோர்டனை ஒரு வரி வாசிக்கச் சொன்னார்.

"இப்ப உனக்கு எவ்வளவு கேக்குது?"

"நல்லாக் கேக்குது."

"எனக்குக் கொஞ்சம் மங்கல். பேஸ் இன்னும் ஒரு அடி கிட்ட வரட்டும்."

நெடுங்காலத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட உண்மையான மொனிட்டர் அது. கோர்டன் ஒரு அடி கிட்ட வந்தார்.

அன்றைய கச்சேரியை நான் மூச்சுவிடாமல்தான் கேட்டேன். முதல் பாட்டின் முடிவில் மூன்று பேரும் ஒன்றாக நிற்கவேண்டிய இடம் வந்தபோது நகம் உள்ளங்கையில் பதிந்தது. வின்ஸ்டன் யாருடைய கையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. மிக்சருக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதேன். றெக்கோர்டிங்காரன் பயந்துபோய், "சத்தம் மைக்கில விழும்" என்று சைகை காட்டினான்.

அதற்குப் பிறகு அவர் சில வருடம் அந்தக் கிளப்பில் வாசித்தார். பேஸ் இடப்பக்கம், குசினிக் கதவு பூட்டு. காது டொக்டரிடம் மனுவெலே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெட்டி அப்படியே கத்திக்கொண்டிருந்திருந்தால் இடக்காதும் அதே வருடத்தில் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். அதனால் பிளக்கைக் கழற்றியது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். சொல்லாமல் கழற்றியதுதான் பிழை. நான் வாய் திறந்திருந்தால் கோர்டன் ஒரு குளிர்காலம் நித்திரையோடு இருந்திருப்பார்; வின்ஸ்டன் அவ்வளவு காலம் தனியாக நடித்திருக்க மாட்டார். அவர் இப்போது இல்லை. கிளப்பும் இல்லை, அந்தப் படி இறங்கும் இடத்தில் கொண்டோ மாடிக் கட்டடம் ஒன்றின் கார் தரிப்பிடம் இருக்கிறது.

சவுண்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சவுண்ட் செக்கில் மிக்சருக்குப் பின்னால் நின்று "ஓகேயா?" என்று கத்தாதீர்கள். எல்லாரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். வயலின்காரரும் சொல்வார், மிருதங்கக்காரரும் சொல்வார், பயந்து நடுங்கும் அரங்கேற்றப் பிள்ளையும் சொல்லும். எழும்பி நடந்துபோய், அவர்களுடைய பாயில் பக்கத்தில் இருந்து, "உங்களுக்கு இப்ப என்ன கேக்குது?" என்று கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் இருங்கள்.

இந்த வருடம்

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அதையும் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் கதை.

இரண்டு மாதத்துக்கு முன் மார்க்கம் நகரத்தில் ஒரு நடன அரங்கேற்றம். மண்டபம் நிறையச் சனம். என்னோடு இப்போது வேலை செய்பவள் தர்ஷினி. இங்கேயே பிறந்தவள், மூன்று வருடமாக என் பக்கத்தில் இருக்கிறாள். மிக்சரில் நான், லப்டொப்பில் அவள். வர்ணம் நடந்துகொண்டிருந்தது. அவள் என் பக்கம் சரிந்து, "அன்ரி, தாளத்தில மேல ஒரு விசில் மாதிரி வருது. இட்ஸ் ரியலி ஷார்ப். கேக்குதா?" என்றாள்.

நான் தலையைச் சரித்துக் கேட்டேன். தாளம் கேட்டது, பாட்டுக் கேட்டது, சதங்கை கேட்டது. விசில் ஒன்றும் இல்லை.

"ஓம், கேக்குது," என்றேன். ஏதோ ஒரு குமிழைத் தொட்டுத் திருகினேன். "இப்ப சரியோ?"

அவள் என் கையைப் பார்த்தாள். நான் திருகியது பாட்டுக்காரரின் குமிழ்.

முப்பது வருடத் தொழில். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. நாளைக்கு ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், கலா அன்ரிக்குக் காது போயிட்டுது என்று மண்டபத்துக்கு மண்டபம் கதைப்பார்கள் என்று ஒரு நொடிக்குள் எல்லாம் ஓடியது. அவள் நல்ல பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருந்தால், என் மனம் நோகாமல் தானே அதைச் சரிசெய்துவிட்டு, "சூப்பர் அன்ரி" என்று சொல்லியிருப்பாள். அடுத்த கிழமையும் அப்படியே சொல்வாள். அவள் கை லப்டொப் பக்கம் போவதை நான் கண்டேன்.

"தர்ஷினி," என்றேன். "பொய் சொன்னனான். எனக்கு அந்த விசில் கேக்கேல்லை."

அவள் கை நின்றது.

"எனக்குத் தெரியும் அன்ரி," என்றாள் மெதுவாக. "போன சம்மர்ல இருந்து."

வர்ணம் இன்னும் முடியவில்லை. நான் எழும்பி அவளுக்குக் கதிரையை விட்டேன்.